பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே ஒரு பைக்!

ஒரு சின்னக் கணக்கு. கடலூரில் 19 வயதுப் பையன் ஒருவன் டாஸ்மாக் கடைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அவனுக்குச் சரக்கு விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகியிருக்க வேண்டும். அதே பையன் பைக்கை எடுத்துக்கொண்டு முள்ளோடையைத் தாண்டி எங்கள் புதுச்சேரி எல்லைக்குள் வந்துவிட்டால் போதும். இங்கே 18 வயது நிரம்பியிருந்தால் வாங்கலாம், உட்கார்ந்து குடிக்கலாம். சட்டம் ஒன்றும் சொல்லாது.

சரி, குடித்தாயிற்று. அப்புறம்? பையன் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே! எதில் போவான்? வந்த பைக்கில்தான்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். 18-க்கும் 21-க்கும் நடுவே இருக்கிற அந்த மூன்று வருட வித்தியாசம், வயசுப் பிள்ளைகளைக் குடிக்க வைப்பது மட்டுமல்ல. குடித்துவிட்டு வண்டி ஓட்டவும் வைக்கிறது. புதுச்சேரியிலும் குடிக்கும் வயதை 21 ஆக்க வேண்டும். சட்டம் வருகிற வரைக்கும் நாம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவும் கூடாது.

'சித்த வைத்தியருக்கு எதற்கு சட்ட விவகாரம்? கஷாயத்தைக் கொடுத்தோமா, பத்தியத்தைச் சொன்னோமா என்று இருக்க வேண்டியதுதானே?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் வைத்தியத்தில் முதலில் சொல்லிக் கொடுப்பதே நோய்க்கு முதல் எது என்று பார் என்பதைத்தான். பித்தம் எங்கே ஏறுகிறது என்று பார்க்கிறவன், பையன் எங்கே பைக் ஏறுகிறான் என்றும் பார்க்கத்தானே வேண்டும்?

எல்லை என்றால் எப்படிப்பட்ட எல்லை!

வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் ஊரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம் என்று புதுச்சேரிப் பகுதிகள் தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக்கொண்டு கிடக்கும். முத்தியால்பேட்டையில் இருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. திண்டிவனம் சாலையில் கோரிமேடு, விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டு, கடலூர் சாலையில் கன்னியக்கோயிலும் முள்ளோடையும், சென்னைக்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டிக் கனகசெட்டிக்குளம்... எந்தப் பக்கம் போனாலும் அரை மணி, முக்கால் மணியில் வேறு சட்டம்!

இந்தப் பிரிவினை பிரெஞ்சுக்காரர் காலத்துச் சொத்து. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கே விலக்கு, இங்கே தாராளம். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. ஆனாலும் மது விஷயத்தில் வேலி அப்படியே நின்றது. காரணம், மது மாநிலங்களின் கையில் உள்ள விஷயம். ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு வயது வைத்துக்கொள்ளலாம். கேரளாவில் 23, கோவாவில் 21, தமிழ்நாட்டில் 21, இங்கே 18.

ஆனால் வண்டிச் சட்டம்? அது நாடு முழுவதற்கும் ஒன்றுதான். 1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அதுதான், அந்தப் பக்கமும் அதுதான். ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019-ல் திருத்திய பிறகு, முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 15,000 ரூபாய், இரண்டு வருடம் வரை சிறை.

வேடிக்கையைப் பாருங்கள். பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஊற்றிக் கொடுக்கிறது ஒரு சட்டம். எழுந்து போகும்போது காலரைப் பிடிக்கிறது இன்னொரு சட்டம்!

அந்தக் காலத்தில் குடிக்க வந்தவன் பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தான், அதிலேயே தள்ளாடித் திரும்பினான். இன்றைக்கு வீட்டுக்கு ஒரு பைக், சில வீட்டில் ஆளுக்கு ஒரு பைக். சட்டம் மட்டும் பழைய பஸ் காலத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

அமெரிக்கா பட்டுத் தெரிந்துகொண்டது

இந்த வம்பு நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் 1971-ல் ஓட்டுப் போடும் வயதை 18 ஆக்கினார்கள். 'ஓட்டே போடலாம், குடிக்கக் கூடாதா?' என்று பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் குறைத்தன. சில மாநிலங்கள் 21-லேயே நின்றன. என்ன ஆயிற்று? 21 உள்ள மாநிலத்துப் பிள்ளைகள் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்குப் போய்க் குடித்துவிட்டு, நடு ராத்திரியில் திரும்பி வந்தார்கள். எல்லைச் சாலைகளில் பிள்ளைகள் செத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த எல்லைகளுக்கு 'ரத்த எல்லைகள்' என்றே பெயர் வந்துவிட்டது.

1980-ல் கேண்டஸ் லைட்னர் என்ற தாய், குடிபோதையில் வந்தவனின் காரில் அடிபட்டுத் தன் 13 வயது மகளைப் பறிகொடுத்தார். அவர் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. குடித்து வண்டி ஓட்டுவதற்கு எதிராகத் தாய்மார்களைத் திரட்டி ஓர் இயக்கமே தொடங்கினார். 1984-ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு, நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பகுதி வெட்டு! 1988-க்குள் 50 மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன. இளம் வயதினர் குடித்து ஓட்டிச் சாவது அதற்கப்புறம் பெரிதும் குறைந்தது.

இதில் நான் பார்ப்பது 21 என்ற எண்ணை மட்டுமல்ல. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே எண் என்பதைத்தான். வித்தியாசம் இல்லாவிட்டால், வண்டி எடுத்துக்கொண்டு தேடிப் போக வேண்டிய அவசியமும் இல்லை பாருங்கள்.

கூடவே இன்னொன்று. 'புதுச்சேரி பிரெஞ்சுக் கலாசாரம் சார், இங்க அப்படித்தான்' என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த பிரான்ஸ் நாட்டிலேயே மது விளம்பரங்களுக்கு 1991-ல் கடிவாளம் போட்டார்கள். 2015 முதல், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு ரத்தத்தில் 20 மில்லி கிராம்தான் வரம்பு, மற்றவர்களுக்கு 50. பிரெஞ்சுக்காரன் திருந்திக்கொண்டான்; அவன் விட்டுப்போன பாட்டிலை நாம் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

'ஒரே ஒரு பீர்தான் டாக்டர்!'

இனி வைத்தியனாகக் கொஞ்சம் பேசுகிறேன். எங்கள் ஊரில் நான் அடிக்கடி கேட்கிற வசனம் இது: "பீர்தான் டாக்டர், அது ஒண்ணும் பண்ணாது. ஹாட் எல்லாம் தொடுறதே இல்ல."

கணக்குப் பார்ப்போமா? நம் நாட்டில் விற்கும் விஸ்கி, பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 60 மில்லி, அதாவது ஒரு 'லார்ஜ்' குடித்தால் உள்ளே போவது சுமார் 20 கிராம் ஆல்கஹால். 'ஸ்ட்ராங்' பீர் என்பதில் 8 சதவீதம் வரை இருக்கும். 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 41 கிராம். ஆக, ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீர் என்பது இரண்டு லார்ஜ் விஸ்கிக்குச் சமம்!

60 கிலோ எடையுள்ள ஓர் ஆண் ஒரு லார்ஜ் குடித்தாலே ரத்தத்தில் 50 மில்லி கிராம் அளவுக்கு ஏறிவிடலாம். ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீர் என்றால் 100-ஐத் தொடலாம். உடம்புக்கு உடம்பு, சாப்பாட்டுக்குச் சாப்பாடு கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். சட்டத்தின் வரம்போ 30. 'ஒண்ணே ஒண்ணு' என்பதிலேயே வரம்பு தாண்டிவிட்டது, புரிகிறதா?

ஏறினது எப்போது இறங்கும்? மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் வீதம்தான் இறங்கும். கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், நம் அவசரம் அதற்குத் தெரியாது. ராத்திரி 11 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவனுக்கு, வரம்புக்குள் வரவே காலை ஏழு மணி ஆகிவிடும். 'தூங்கி எழுந்துட்டேன், தெளிஞ்சிடுச்சு' என்று விடியற்காலையில் வண்டி எடுப்பவனும் போதையில் ஓட்டுகிறவன்தான்.

"மோர் குடிச்சா இறங்கிடும், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சா தெளிஞ்சிடும், தலைக்குத் தண்ணி ஊத்தினா போதும்" என்பார்கள். சித்த மருத்துவம் படித்தவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்: ஒன்றும் நடக்காது. மோர் நல்லது, எலுமிச்சை நல்லது. ஆனால் ரத்தத்தில் ஏறிய ஆல்கஹாலை வேகமாக இறக்கும் மூலிகை எதுவும் என் மருந்துப் பெட்டியில் இல்லை. கட்டங்காபி குடித்தால் கண் விழிப்பு வரும், அவ்வளவுதான். தூங்குகிற குடிகாரன், விழித்திருக்கும் குடிகாரன் ஆவான். கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் சாப்பிட்டுக்கொண்டே குடித்தால் ஈரல் கெடாது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஓட்டைப் படகில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை இறைக்கிற கதைதான் அது.

வயசுப் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். நிதானம், முன்யோசனை இவற்றைக் கவனிக்கும் மூளையின் முன்பகுதி முழுதாகப் பக்குவப்பட 25 வயது ஆகலாம். ஏற்கெனவே வேகம் பிடித்த வயது, ஓட்டுவதில் அனுபவம் கம்மி, பின்னால் இரண்டு சிநேகிதர்கள் வேறு. அதே அளவு குடித்த நாற்பது வயதுக்காரரைவிட அவன் விபத்தில் சிக்கும் வாய்ப்பு அதிகம். சின்ன வயதிலேயே தொடங்கினால், பிற்காலத்தில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பும் அதிகம்.

சில தாய்மார்கள் தனியாக வந்து, "பையன் புதுசா குடிக்கப் பழகிட்டான். அவனுக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்க ஏதாவது பவுடர் இருக்கா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். அப்படி விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. குடியை வெறுக்க வைக்கும் ஆங்கில மருந்து கலந்திருந்து, அவன் மேலே குடித்தும் விட்டால் உயிருக்கே ஆபத்து. சிகிச்சை அவனுக்குத் தெரிந்து, அவன் சம்மதத்தோடு நடக்க வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை வேண்டாம். தும்பு இந்த வயது விஷயத்தில்தான் இருக்கிறது.

மீட்டர் கணக்குப் போட்ட கதை

'சட்டம் போட்டா மட்டும் நடந்துடுமா?' என்று கேட்பீர்கள். எப்படிப்பட்ட சட்டம் என்பதைப் பொறுத்தது.

2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டில் இருந்து போன வழக்கு ஒன்றில் ஒரு பெரிய தீர்ப்பு சொன்னது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. சாலையில் போகிறவன் இறங்கிக் குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்ற நல்ல எண்ணம். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நடந்தது என்ன? கேரளாவில் ஒரு பார், வாசலுக்குச் சுற்றிச் சுற்றிப் போகிற மாதிரி பாதை போட்டுத் தூரத்தைக் கூட்டிக்கொண்டது! சின்ன ஊர்களுக்கு 220 மீட்டர் போதும் என்று தளர்ந்தது. 2017 ஜூலையில், நகராட்சிப் பகுதிக்குள் இருந்தால் இந்தத் தடை கிடையாது என்றும் ஆகிவிட்டது.

500 மீட்டர் நடந்து போய்க் குடித்தவன், 500 மீட்டர் திரும்பி நடந்து வந்து அதே பைக்கைத்தான் எடுப்பான். கடைக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தோம். குடித்தவன் கைக்கும் சாவிக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கவில்லை.

வயதை 21 ஆக்குவதில் இந்தச் சிக்கல் குறைவு. கடைக்காரர் ஒரு அடையாள அட்டையைக் கேட்டால் போதும். பையனைப் பிடித்து உள்ளே தள்ளச் சொல்லவில்லை. வயது பார்க்காமல் விற்கிற கடைக்கு அபராதம், திரும்பத் திரும்பச் செய்தால் லைசென்ஸ் ரத்து என்று வையுங்கள். பயம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வரட்டும்.

அதோடு, சோதனையை எங்கே வைக்க வேண்டும் என்று யோசியுங்கள். சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிறு சாயங்காலமும், ஊரை விட்டு வெளியே போகிற சாலைகளில் ஊதச் சொல்லுங்கள். முள்ளோடையில், மதகடிப்பட்டில், கோரிமேட்டில், காலாப்பட்டில். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் போலீஸும் சேர்ந்து நிற்கட்டும். வருடத்தில் இரண்டு வாரம் அமர்க்களமாகச் சோதனை செய்துவிட்டுப் பிறகு விட்டுவிடுவதில் பயன் இல்லை. குறைவாகச் செய்தாலும் விடாமல் செய்ய வேண்டும். பத்தியம் மாதிரி! கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் ராத்திரி பஸ்ஸைக் கூட்டினால் அதுவும் ஒரு மருந்துதான்.

சொல்லப்படும் சமாதானங்கள்

'அரசாங்க வருமானம் போய்விடும், சுற்றுலா படுத்துவிடும்' என்பது ஒரு வாதம். இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. விடுதியை, உணவகத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. ஆனால் நான் மதுவிலக்கு கேட்கவில்லையே! 18, 19, 20 வயதுக்காரர்களுக்கு விற்க வேண்டாம் என்கிறேன். இந்த மூன்று வயதுப் பிள்ளைகளின் பாக்கெட் பணத்தில்தான் ஒரு அரசாங்கம் நடக்க வேண்டுமென்றால், அது வெளியில் சொல்லக் கூடிய சங்கதியா? பாரதியார் 1908-ல் இருந்து பத்து வருடம் வாழ்ந்த ஊர் இது. 'பாண்டி போறோம்டா' என்று கண் சிமிட்டிச் சொல்கிற ஊராக மட்டும் ஆகிவிட்டதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வருத்தம் இருக்கிறது.

'18 வயதில் ஓட்டுப் போடலாம், குடிக்கக் கூடாதா?' என்பது இன்னொரு வாதம். ஆணுக்குக் கல்யாண வயது 21 என்று இதே நாட்டில் சட்டம் இருக்கிறது. தாலி கட்டவே 21 வரைக்கும் காத்திருக்கிறவன், பாட்டிலைத் திறக்கக் காத்திருக்க மாட்டானா?

'கடையில் கொடுக்காவிட்டால் கள்ளத்தனமாக வாங்குவான்' என்பார்கள். சிலர் வாங்கத்தான் செய்வார்கள். அமெரிக்காவிலும் வாங்கினார்கள். ஆனால் எளிதாகக் கிடைப்பதற்கும் தேடி அலைந்து கிடைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. எல்லாரையும் தடுக்காவிட்டாலும் பாதிப் பேரைத் தடுத்தால் பாதி வீட்டில் அழுகை இல்லை.

வீட்டில் இருக்கும் சட்டம்

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

18 நிரம்பாத பிள்ளை கையில் வண்டிச் சாவியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவின்படி பெற்றவரோ வண்டியின் சொந்தக்காரரோதான் குற்றவாளி. மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 'பக்கத்துத் தெருதானே, டியூஷனுக்குத்தானே' என்பதெல்லாம் கோர்ட்டில் எடுபடாது.

18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மது கொடுத்தால், 2015-ம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். இது கடைக்காரருக்கு மட்டும் இல்லை. கல்யாண வீட்டு மாடியில் 'இன்னிக்கு ஒரு நாள் தானடா, மாமா இருக்கேன்' என்று ஊற்றிக் கொடுக்கிற தாய்மாமனுக்கும்தான்!

குடித்துவிட்டு ஓட்டி வண்டி நசுங்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிச் சேதத்துக்குப் பணம் தராது. தனிநபர் விபத்து பாலிசிகளிலும் பொதுவாக இந்த விதிவிலக்கு உண்டு. பிள்ளையும் போய், காசும் போய் நிற்க வேண்டும்.

சட்டத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. பிள்ளையை அருகில் உட்கார வைத்து இப்படிச் சொல்லுங்கள்: "நீ குடிக்கிறது எனக்குப் பிடிக்கலை. ஆனா எப்பவாவது குடிச்சிட்டா, இல்ல குடிச்சவன் வண்டியில ஏற வேண்டி வந்தா, எனக்கு ஒரு போன் பண்ணு. ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் அப்பா வந்து அழைச்சுக்கிட்டு வர்றேன். அன்னிக்கு ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். பேச வேண்டியதை மறுநாள் பேசிக்கலாம்." சொன்னால் மட்டும் போதாது, அப்படியே நடந்தும் கொள்ளுங்கள். திட்டுக்குப் பயந்து பைக் ஏறுகிற பிள்ளைகள்தான் நிறைய.

அப்பாமார்களே, ஒரு வார்த்தை. நீங்கள் இரண்டு பெக் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஸ்கூட்டரில் திரும்பினால், பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பையன் அதைப் பாடமாகத்தான் படிக்கிறான். அவனுக்கு நான் எந்தக் கஷாயம் கொடுத்தாலும் அந்தப் பாடம் அழியாது.

2022-ல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் எத்தனை பேர் ரத்தத்தில் மது இருந்தது என்பதை எந்தக் கணக்கும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. அடிபட்டவரை உயிரோடு காப்பாற்றப் பார்க்கிற அவசரத்தில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துச் சோதிப்பதில்லை. குடும்பமும் அதை வெளியே சொல்ல விரும்பாது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குத் தெரியும்.

புதுச்சேரி சட்டமன்றம் நினைத்தால் இந்த மூன்று வருட வித்தியாசத்தை ஒரு சின்னத் திருத்தத்தில் மூடிவிடலாம். எந்தக் கட்சி செய்தாலும் தாய்மார்கள் வாழ்த்துவார்கள். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அடுத்த தடவை வீட்டு வாசலுக்கு வரும்போது ரேஷனைப் பற்றி, தண்ணீரைப் பற்றிக் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: "பதினெட்டை எப்ப இருபத்தொண்ணு ஆக்கப் போறீங்க?"